பதினான்கு சென்டிமீட்டர்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

கழுத்துக்குக் கீழே நான் நலம். கழுத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் காது மெஷின் இன்னும் விசிலடிக்கிறதா?

போன வாரம் போனில் கால் மணி நேரம் என் கஷ்டத்தையெல்லாம் சொன்னேன். நீங்கள் நடு நடுவே "சரி, சரி" என்றீர்கள். கடைசியில் "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அன்றே முடிவு செய்துவிட்டேன், இனிமேல் உங்களோடு பேச்செல்லாம் தாளில்தான்.

விஷயம் இது. ஒரு மாதமாக என் வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் மரத்துக் கிடக்கின்றன. பிசியோதெரபிஸ்ட் அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். கேமராவை எவ்வளவு உயரத்தில் வைக்கிறேன் என்று கேட்டார். கையைக் காட்டினேன், என் நெஞ்சுக்கு. "இப்படியே இருபது வருஷமா குனிஞ்சு பாக்கறீங்களா?" என்றார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆறு மாசம் பாக்கலாம். விரல்ல உணர்ச்சி திரும்பி வரலேன்னா கேமராவ விட்டுட வேண்டியதுதான்."

இப்போது நான் பார்ப்பது துறைமுக வேலை. கப்பல்கள் வந்து நிற்பதற்குப் புதிதாகத் தளம் எழும்புகிறது. மாதம் இரண்டு முறை, தரையில் மஞ்சள் பெயின்ட் அடித்த அதே ஐந்து புள்ளிகளில் நின்று, வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று படமெடுத்துக் கொடுக்க வேண்டும். என் பழைய ட்ரைபாட் சராசரி ஆளுக்குச் செய்தது. நடுத்தண்டை முழுக்க உயர்த்தினாலும் நெஞ்சுக்குத்தான் வரும். உயர்த்தினால் கடல் காற்றில் நடுங்கும். போன முறை படங்களைப் பார்த்துவிட்டு இன்ஜினியர் அம்மா, "ஆடறது கட்டடமா, நீங்களா?" என்று கேட்டார்.

முப்பது வருஷம் நிலஅளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு மூன்று காலோடு வாழ்ந்தவர் நீங்கள். உங்கள் ஆபீசுக்கு எதிரே இருக்கும் கருவிக் கடையில் கேமரா ட்ரைபாடும் விற்பதாகச் சொன்னீர்கள். எனக்கு உயரமாக, ஆடாத ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கென்று இருக்கும் ஒரே பிழைப்பு இது. விட மனசில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை,
கொக்கு


பிப்ரவரி 20

அன்பான கொக்குக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். அண்ணி ஒரு முறை சத்தமாகப் படித்தாள், அதில் எனக்குப் பாதி கேட்டது. நாங்கள் சௌக்கியம். காது மெஷின் விசிலடிப்பதை நிறுத்திவிட்டது, நான் அதைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்ததிலிருந்து.

விரல் விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. பிசியோதெரபிஸ்ட் சொல்கிற பயிற்சிகளை விடாமல் செய். மற்றதை என்னிடம் விடு.

ட்ரைபாட் பற்றி நீ இதுவரை தெரிந்து வைத்திருப்பதை மறந்துவிடு. முதலாவது, நடுத்தண்டை உயர்த்தவே கூடாது. உயர்த்திய அடுத்த நிமிஷம் அது மூன்று கால் இல்லை, மூன்று காலின் மேல் நிற்கும் ஒற்றைக் குச்சி. கால்களை மட்டும் நீட்டியே கேமரா உன் கண்ணுக்கு வர வேண்டும். இரண்டாவது, கால் எத்தனை துண்டாக நீள்கிறது என்று பார்க்க வேண்டும். நான்கு, ஐந்து துண்டு என்றால் மடக்கிப் பையில் போட வசதி. ஆனால் கடைசித் துண்டு விரல் கனம்தான் இருக்கும், அதுதான் தரையைத் தொடும். உனக்கு மூன்று துண்டுதான். தூக்க நீளம், கனம். நீயும் நீளம்தானே, ஒத்துப்போகும்.

எனக்கு உன் முழு உயரம் தேவையில்லை. நீ ஆறடி என்று எல்லாரிடமும் சொல்வது தெரியும். வேண்டியது தரையிலிருந்து உன் கண் வரைக்கும் உள்ள அளவு. கவனி: நாங்கள் கருவியின் உயரத்தை எடுக்கும்போது அது வேலை செய்யும் நிலையில் வைத்துத்தான் எடுப்போம். அதே மாதிரி நீ வேலை செய்யும்போது எப்படி நிற்பாயோ அப்படியே நில். வேறு யாராவது டேப் பிடித்து அளக்கட்டும். நீயே அளந்தால் தப்பு வரும்.

எழுது. கடைக்காரரிடம் இப்போதே பேச்சுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

கழுத்து முனகினாலும் வேறு குறை இல்லை. உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். காது மெஷினை டிராயர் போட்டுக்கொள்வதால் பயனில்லை என்று அண்ணி சார்பாக நான் சொல்கிறேன்.

அளவு எடுத்தாயிற்று. சைட்டில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறவர் டேப்பைப் பிடித்தார். நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேமரா இருப்பது போல நினைத்துக்கொண்டு, வேலையில் எப்படி நிற்பேனோ அப்படியே நின்றேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் ஒரே எண்: நூற்று அறுபத்தாறு சென்டிமீட்டர்.

அளந்து முடித்துவிட்டு, "தலைய நிமித்தினா ஷெட்டு விளக்குல இடிக்கும், அதானே குனிஞ்சீங்க?" என்று அவர் கேட்டார். சைட்டில் என்னைப் பார்த்து இந்த மாதிரி ஒன்று சொல்லாமல் யாரும் போவதில்லை. மேலே குளிர்கிறதா என்று ஒருவர், மழை முதலில் எனக்குத்தான் தெரியுமா என்று இன்னொருவர். பழகிவிட்டது.

அண்ணிக்கு என் அன்பு.

கொக்கு


மார்ச் 24

அன்பான கொக்குக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல். அண்ணிக்கு முழங்கால் வலி, எனக்கு அவள் முழங்கால் வலியைக் கேட்கிற வேலை. கேட்பதிலும் முக்கால்வாசி எனக்குத் தப்பிப் போகிறது.

வாங்கிவிட்டேன். எப்படி வாங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது.

கடைக்காரர் ஒன்பது ட்ரைபாடை எடுத்து வைத்தார். நீ சொன்ன நூற்று அறுபத்தாறில் கேமராவின் அடியிலிருந்து கண் வைக்கும் இடம் வரை ஒன்பது, கேமரா உட்காரும் தலைக்குப் பதினொன்று. இரண்டையும் கழித்தால் நூற்று நாற்பத்தாறு. கால் மட்டும் அவ்வளவு நிற்க வேண்டும். அதிலேயே நான்கு கழன்றது. மீதி ஐந்தின் தலையிலும் ஒரு டம்ளர் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி வைத்து, காலில் ஒரு சுண்டு சுண்டி, தண்ணீர் அடங்க எத்தனை விநாடி என்று கடிகாரத்தைப் பார்த்தேன். கடைக்காரர் முதலில் சிரித்தார். இரண்டாவது டம்ளருக்கு அவரே குனிந்து பார்க்க ஆரம்பித்தார். அவர் வாய்க்கு வாய் புகழ்ந்த பளபளப்பானது ஐந்து விநாடி ஆடியது. மூலையில் தூசியோடு கிடந்த ஒரு கறுப்பு முரடன் ஒன்றரை விநாடியில் அடங்கிவிட்டது. கால் என் மணிக்கட்டுக் கனம், மூன்று துண்டு, திருகிப் பூட்டுவது. கீழே ரப்பரைக் கழற்றினால் கூர்முனை. கடற்கரை மண்ணிலும் நிற்கும்.

கடையில் இருந்த நேரத்தில் மூன்று டம்ளர் தண்ணீர் தரையில். துடைத்தது நான்தான், கடைக்காரரிடம் கேட்டுப் பார்.

பார்சலில் போட்டுவிட்டேன். மூன்று துண்டையும் முழுக்க நீட்டு, நடுத்தண்டைத் தொடாதே, கேமரா உன் கண்ணில் வந்து நிற்கும். இனிக் கழுத்துக்கு விடுதலை.

அண்ணன்


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகமே. அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

முரடன் வந்து சேர்ந்தான். தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் சைட்டில் வழி விடுகிறார்கள். நேற்றுக் காற்று அடித்த அடியில் தகரமே பறந்தது, இவன் அசையவில்லை. படங்கள் கண்ணாடி மாதிரி வந்திருக்கின்றன. இன்ஜினியர் அம்மா பெரிதுபடுத்திப் பார்த்துவிட்டு, காங்கிரீட் பலகைகளுக்கு நடுவே உள்ள இணைப்பு வரை எண்ண முடிகிறது என்றார். அரை மீட்டர் சதுரப் பலகைகள், தளம் முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள்.

இரண்டு பிரதிகள் இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு நிற்கிறதே, அது உங்களுக்குத் தெரிந்த சாமான்தான். மூன்று மீட்டர் அளவுக் கம்பம். எல்லாப் படத்திலும் அதை நிறுத்தச் சொல்கிறார்கள், அளவு தெரிவதற்காக.

நீங்கள் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறீர்கள் என்று நினைத்தால் மனசு நிறைந்துவிடுகிறது. டம்ளர் கதையை சைட் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

கொக்கு


மே 1

அன்பான கொக்குக்கு,

படங்கள் வந்தன. நல்ல வேலை. அண்ணி ஒன்றை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

காற்றைப் பற்றி எழுதினாய், காங்கிரீட்டைப் பற்றி எழுதினாய், இன்ஜினியரம்மா சொன்னதை எழுதினாய். விரலைப் பற்றி ஒரு வரி இல்லை. விரல் எப்படி இருக்கிறது?

அண்ணன்


மே 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இங்கே நலம், வேலைதான் கொஞ்சம் அதிகம். கையெழுத்தைப் பார்த்து பயப்படாதீர்கள், பேனா சரியில்லை.

விரல் இருந்த மாதிரிதான் இருக்கிறது. உடனே சரியாகிற விஷயமா அது? பயிற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. தளத்துக்கு முதல் கப்பல் வந்தது. சோதனைக்காகத்தான், ஆனாலும் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். நான் கேமராவைச் சரிபார்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று கம்பியில் தொங்கும் பொத்தானை அழுத்தினேன். அவ்வளவு பெரிய சாமான் சத்தமே இல்லாமல் திரும்பியதைப் பார்க்க வேண்டுமே. வெயில் எனக்குப் பின்னால் இருந்ததால் என் நிழலும் ட்ரைபாட் நிழலும் தரையில் விழுந்துவிட்டன. வேலைக்கு ஆகாத படம். ஆனால் கப்பல் அழகாக இருப்பதால் உங்களுக்கு அனுப்புகிறேன்.

அண்ணியின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கொக்கு


ஜூலை 10

அன்புள்ள தங்கச்சிக்கு அண்ணி எழுதுவது,

நாங்கள் சாப்பிட்டுத் தூங்கி நன்றாகத்தான் இருக்கிறோம். உங்கள் அண்ணன் ஏன் எழுதவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதற்குத்தான் நான் பேனாவை எடுத்தேன்.

நீங்கள் அனுப்பிய கப்பல் படம் வந்த அன்று மனிதர் சந்தோஷமாகத்தான் பார்த்தார். மறுநாள் ஸ்கேலை எடுத்தார். அதற்கு மறுநாள் பூதக்கண்ணாடி. கப்பலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு பரண் மேல் ஏறி ஒரு பழைய படத்தைத் தேடி எடுத்தார், நீங்கள் எல்லாரும் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டது. ஐந்து வாரமாக இரண்டு படமும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே சாப்பாட்டுத் தட்டை வைக்கக்கூட விடுவதில்லை.

என்ன என்று கேட்டால் காது கேட்காத மாதிரி இருக்கிறார். வேண்டும்போது கேட்காமல் போகிற வசதி வேறு யாருக்கு உண்டு? கடிதம் எழுத நாலு தடவை உட்கார்ந்து நாலு தடவை கிழித்தார். நேற்று நான் கேட்டே விட்டேன், தங்கச்சியோடு ஏதாவது மனஸ்தாபமா என்று. "தப்பு எம்மேல. அத எப்படி எழுதறதுன்னு தெரியல" என்றார். எனக்கு அதற்கு மேல் தெரியாது.

உங்கள் கையெழுத்து ஏன் அப்படி இருக்கிறது? நிஜத்தைச் சொல்லுங்கள். பேனாவைப் பழி சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 14

அன்புத் தங்கைக்கு,

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணி எழுதிவிட்டதாகச் சொன்னாள். நல்லதுதான், இல்லாவிட்டால் ஐந்தாவது தாளையும் கிழித்திருப்பேன்.

கப்பல் படத்தைப் பற்றி முதலில். அதில் அளவுக் கம்பம் நிற்கிறது, அதன் நிழலும் தரையில் கிடக்கிறது. மூன்று மீட்டர் கம்பத்தின் நிழல் பன்னிரண்டு பலகை நீளம், அதாவது ஆறு மீட்டர். அந்த நேரத்தில் எந்த நிழலும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. இதில் சந்தேகமில்லை. ட்ரைபாடும் நீயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறீர்கள். உன் நிழலின் நுனி, கேமரா நிழலின் நுனியைத் தாண்டி நாற்பத்து நான்கு சென்டிமீட்டர் போகிறது. பாதியாக்கினால் இருபத்திரண்டு. கேமராவின் உச்சி நூற்று எழுபதில் இருக்கிறது, அதை நிறுத்தியது நான், எனக்குத் தெரியும். அப்படியானால் உன் உயரம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. உன் கண் ஏறக்குறைய நூற்று எண்பதில்.

நீ அனுப்பிய எண் நூற்று அறுபத்தாறு. பதினான்கு சென்டிமீட்டர் குறைகிறது.

நீ தப்பாக அளக்கவில்லை. வேலையில் நிற்பது போலவே நில் என்று எழுதியது நான். இருபது வருஷமாக நீ வேலையில் குனிந்துதான் நிற்கிறாய். நீ குனிந்து நின்றாய், உன் குனிவுக்கு அளவெடுத்து நான் ட்ரைபாட் வாங்கினேன். ஒன்றரை விநாடியில் தண்ணீர் அடங்குகிற, நயம் ட்ரைபாட். இப்போது நீ ஆடாமல் குனிகிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். கப்பலைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் குனிய மறந்திருக்கிறாய். அதனால்தான் எனக்குத் தெரிந்தது.

இதை எழுத எனக்கு ஐந்து வாரம் ஆகாது. ஆனது அடுத்ததற்கு.

எனக்கு இருபத்து நான்கு வயது, வேலை கிடைத்து ஊரை விட்டுக் கிளம்புகிற வாரம். உனக்குப் பதினேழு. நீ என்னை விட ஒரு தலை உயர்ந்துவிட்டாய். குடும்பத்தோடு படமெடுக்கப் போனோம். ஸ்டூடியோ வாசலில் உன் காதோரம் நான் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது: "கொஞ்சம் முட்டிய மடக்கி, கழுத்தக் குனிஞ்சு நில்லு. எல்லாரும் என்னப் பாத்துச் சிரிப்பாங்க." நீ அப்படியே நின்றாய். அது போதவில்லை என்று கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லை எடுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றேன். படம் வந்ததும் அம்மா, இப்போதுதான் அண்ணனும் தங்கையும் மாதிரி இருக்கிறது என்று சொன்னாள்.

அதற்குப் பிறகு நீ எல்லா இடத்திலும் குனிந்தாய். நான் பார்த்தேன். நிமிர்ந்து நில் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் விடாமல் அளந்தவன், தங்கையின் உயரத்தை நிழலைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

திரும்பவும் அளந்து அனுப்பு. சுவரில் குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் தொட நின்று அளக்கச் சொல். வேலையில் நிற்பது போல வேண்டாம்.

அண்ணன்


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் உடம்பை அலட்டிக்கொள்ளாமல் இருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தை நான்கு நாள் கேமராப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். திறந்து படித்த பிறகு இரண்டு வாரம் பதில் எழுதவில்லை.

முதலில் நிஜம். அண்ணி கேட்டது சரி, பேனாவில் கோளாறு இல்லை. மூன்றாவது விரலும் மரத்துவிட்டது. மே மாதமே. நீங்கள் அத்தனை டம்ளர் தண்ணீர் ஊற்றி வாங்கி அனுப்பியதில் குணம் தெரியவில்லை என்று எப்படி எழுதுவேன்? என் உடம்புதான் கெட்டுவிட்டது, ட்ரைபாட் மேல் தப்பில்லை என்று நினைத்தேன். வேலையை விட்டுவிட இன்ஜினியர் அம்மாவுக்குக் கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன்.

அளப்பதற்கு அந்த அம்மாவையே கூப்பிட்டேன். சிமென்ட் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றேன். குதிகால் தொட்டது, முதுகு தொட்டது. தலை சுவரைத் தொட மாட்டேன் என்றது. சிரிக்காதீர்கள், நேராக நிற்க என்னால் முடியவில்லை. யாரோ பார்த்துவிடுவார்கள் என்று கழுத்து தானாகவே முன்னால் வந்தது. அந்த அம்மா போய்க் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு தொட்டது. அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று டேப்பைப் பிடித்து, "நூத்தி எண்பது" என்றார். "போன தடவ யாரு அளந்தது, இவ்வளவு கொறச்சலா?" என்றும் கேட்டார். நான் அழுதுவிட்டேன். சிமென்ட் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

ஸ்டூடியோ விஷயம். எனக்கு ஞாபகமே இல்லை என்று எழுதி உங்களைத் தேற்றலாம் என்று பார்த்தேன். அது பொய்யாகிவிடும். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று உங்கள் மேல் கோபம் வந்தது. நீங்கள் செங்கல்லின் மேல் ஏறியபோது சிரிப்பும் வந்தது, அதை அடக்கத்தான் படத்தில் நான் உதட்டைக் கடித்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நில் என்று நீங்கள் பிறகு ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அது இல்லையென்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அண்ணா, நீங்கள் சொன்னது ஒரு படத்துக்கு. அதற்குப் பிறகு முப்பது வருஷம் பஸ்ஸிலும் வாசல்படியிலும் கண்ணாடி முன்னாலும் குனிந்து நின்றது நான்தான். அத்தனையையும் உங்கள் தலையில் கட்டினால் எனக்கென்று என்ன மிஞ்சும்? உங்கள் பங்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், என் பங்கை நான் வைத்துக்கொள்கிறேன்.

நூற்று எண்பது. சுவர் தொட்டு அளந்தது.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 13

அன்பான கொக்குக்கு,

நாங்கள் நலம். நேற்று உன் கடிதம் வந்த பிறகு இன்னும் நலம்.

உன் பதில் வரும் வரை எனக்குப் பொறுமை இல்லை. நிழலை நம்பி வேலையைத் தொடங்கிவிட்டேன், நான்கு நாளைக்கு முன்பே பார்சல் கிளம்பிவிட்டது. உள்ளே மூன்று குழல்கள் இருக்கும், ட்ரைபாட் காலுக்கு அடியில் திருகிக்கொள்வதற்கு. ஆபீஸ் பட்டறையில் கடைசல் வேலை பார்ப்பவர் பக்கத்தில் நின்று செய்து வாங்கினேன். ஒவ்வொன்றும் பதினைந்து சென்டிமீட்டர். உனக்கு வேண்டியது பதினான்குதானே என்று கேட்பாய். கால் சாய்ந்து நிற்கும், பதினைந்து போட்டால்தான் உயரத்தில் பதினான்கு கிடைக்கும். டம்ளர் வைத்துப் பார்க்க இங்கே ட்ரைபாட் இல்லை. நீயே வைத்துப் பார்த்து எத்தனை விநாடி என்று எழுது.

உன் எண்ணும் என் எண்ணும் ஒன்றாக இருந்ததைப் பார்த்துவிட்டு அண்ணியிடம் காட்டினேன். இந்த நிழலை முப்பது வருஷம் முன்னால் அளந்திருக்கக் கூடாதா என்றாள். எனக்கு நன்றாகவே கேட்டது.

வேலை முடிந்ததும் இங்கே வா, ட்ரைபாடோடு. நீயும் நானும் அண்ணியும் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த முறை செங்கல் கிடையாது.

அண்ணன்


நவம்பர் 21

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அண்ணி கட்டிக் கொடுத்தது வழியிலேயே தீர்ந்துவிட்டது. காது மெஷின் டிராயரிலிருந்து வெளியே வந்துவிட்டதா என்று மறக்காமல் எழுதுங்கள்.

நேற்று பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். கண்ணை மூடச் சொல்லி ஊசி முனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். இரண்டு விரல்கள் உடனே சொல்லிவிட்டன. சுண்டு விரல் இன்னும் யோசித்துத்தான் சொல்கிறது. கேமராவை விட வேண்டாம், ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கையெழுத்தே உங்களுக்குச் சொல்லும்.

துறைமுகத்தில் அடுத்த தளத்துக்கும் என்னையே படமெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். டம்ளர் பரீட்சையும் முடிந்தது. குழல்களோடு இரண்டு விநாடி, அரை விநாடி கூடத்தான். உங்களுக்காக அதை மன்னித்துவிட்டேன்.

நாம் எடுத்துக்கொண்ட படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கொல்லைச் சுவர், நடுவில் நீங்கள், இரண்டு பக்கமும் நாங்கள். உங்கள் தலை என் முகவாயைத் தாண்டி வந்திருக்கிறது. அது வரக்கூடாதே என்று எனக்குச் சந்தேகம். தானியங்கிப் பொத்தானுக்குப் பத்து விநாடி இருந்தது, ஒன்பதாவது விநாடியில் அண்ணி ஏன் கேமராவை விட்டுக் கீழே பார்த்துச் சிரித்தார் என்று அன்றைக்குப் புரியவில்லை. அச்சில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உங்கள் இரண்டு குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம் தெரிகிறது. ஸ்கேல் வைத்துக் கணக்குப் போட்டேன். ஆறு சென்டிமீட்டர்.

பரவாயில்லை அண்ணா, எவ்வளவு வேண்டுமானாலும் எக்கி நில்லுங்கள். நான் குனியவில்லை.

உங்கள் தங்கை,
கொக்கு